கொண்டச்சிக்குப் போய்த் திரும்பிய தூக்குப்போசி

நாலைந்து வருடமாக இதை எழுத உட்காருவதும், இரண்டு வரி எழுதியதும் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவதுமாக இருந்தேன். எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. கல்யாணப் பத்திரிகையில் விலாசம் எழுதியது தவிர எழுத்து வேலை பழக்கமில்லை. அது மட்டும் காரணமில்லை. இதில் என் மகளின் பெயர் அடிபடுகிறது, சம்பந்தியம்மாவின் கைச்சுத்தம் அடிபடுகிறது, கடைசியில் என் மனைவியும் வந்து மாட்டிக்கொள்கிறாள். எழுதிய பிறகு எந்த வீட்டில் எனக்குச் சோறு கிடைக்கும் என்று தெரியாமல் எப்படி எழுதுவது?

போன தைப்பூசத்தன்று சம்பந்தியம்மாவே போனில் கூப்பிட்டு, "எழுதுங்கோ சம்மந்தி. சிரிக்கிறவை சிரிக்கட்டும். ஆனா நடந்ததை மட்டும் எழுதுங்கோ" என்றார். முருகன் உத்தரவு கொடுத்த மாதிரி இருந்தது. விபூதி இட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊர் காங்கேயத்துக்குப் பக்கம். இலங்கையில் சண்டை நடந்த காலத்தில் மன்னார்ப் பக்கத்துப் பாப்பாமோட்டையிலிருந்து வந்த மகாலிங்கம் குடும்பம் எங்கள் ஊரருகே முகாமில் பல வருடம் இருந்தது. அவர் மகனுக்கும் என் மகள் பூங்கொடிக்கும் மனம் ஒத்துப்போய்விட்டது. என் மனைவி ஒரு வாரம் அழுதாள். பிறகு அவளே சீர்வரிசைப் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டக் கொடுத்தாள். சண்டை ஓய்ந்ததும் அவர்கள் ஊர் திரும்பினார்கள், என் மகளும் கடல் தாண்டிப் போனாள். மருமகன் இப்போது கத்தாரில் வேலை. பூங்கொடி மாமனார் மாமியாரோடும் ஒரு பெண் குழந்தையோடும் பாப்பாமோட்டையில் இருக்கிறாள்.

சம்பந்தியம்மா யோகம்மாவின் நெய்க்கு அந்தப் பக்கத்தில் பெரிய பெயர். நாட்டுப் பசு நெய் என்று சொல்லிக் கொழும்பில் ஒரு கடைக்காரர் எடுத்துக்கொண்டிருந்தார். அதைவிட முக்கியம், ஊர்ப் பிள்ளையார் கோயிலில் வெள்ளிக்கிழமை விளக்கு அவர் கொடுக்கும் நெய்யில்தான் எரியும்.

ஒருநாள் பூங்கொடி போன் செய்து பேசாமல் அழுதாள். கடைக்காரர் இவர்களிடம் நெய்யோடு கொஞ்சம் வெண்ணெயும் கேட்டு வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். அதில் வெளிநாட்டு மாட்டின் அடையாளம் கலந்திருக்கிறது என்று முடிவு வந்துவிட்டது. விளக்கம் தெரியும்வரை நெய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டிலோ வெளிநாட்டு மாடு ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் பாதிப் பாக்கெட் வெளிநாட்டு வெண்ணெய் இருந்தது. குழந்தையின் பிறந்தநாளுக்குக் கேக் செய்ய பூங்கொடி வாங்கியது.

"மாமி ஒண்டும் சொல்லேல்ல அப்பா. அதுதான் பயமா இருக்கு. பிள்ளையாருக்கு நெய் குடுக்கிறதையும் நிப்பாட்டிப்போட்டா. இப்ப கடை எண்ணெய்தான் எரியுது. ஊரில எல்லாரும் இந்தியாக்காரி கலந்துபோட்டாள் எண்டு கதைக்கினம்."

அவள் பேசும் தமிழே மாறிப்போயிருந்தது. அழுகை மட்டும் எங்கள் வீட்டு அழுகையாகவே இருந்தது.

என் மகன் செந்தில் கோயமுத்தூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறான். அவனிடம், வெண்ணெயைப் பார்த்து மாட்டின் சாதியை எப்படியடா கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டேன்.

"பால்ல மாட்டு உடம்புல இருந்து உதிர்ந்த உயிரணு கொஞ்சம் கலந்துதான் வருமுங்பா. அதுக்குள்ள மரபணு இருக்கும். ஒவ்வொரு இனத்துக்கும் அதுல சில அடையாளம் உண்டு. வெண்ணெய்ல எடுத்துரலாம். நெய்யா உருக்கிட்டா கஷ்டம்."

எனக்கு நன்றாகப் புரிந்தது. மாட்டின் மேல் நாம் சுடும் குறி தோலோடு நின்றுவிடும். கடவுள் சுட்ட குறி வெண்ணெய் வரைக்கும் வருகிறது.

கடவுளின் குறியை வைத்தே என் மகளைக் காப்பாற்றிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. சம்பந்தியின் மாடுகளில் ஒன்று யாருக்கும் தெரியாமல் கலப்பினமாக இருக்கலாம் அல்லவா? எல்லா மாட்டின் வால்மயிரையும் வேரோடு பிடுங்கி உறையில் போட்டுக் கண்டியில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருக்கும் தன் சிநேகிதருக்கு அனுப்பச் சொன்னான் செந்தில். "நீங்க போய்ப் பிடுங்குங்பா. மாடு உங்களுக்குப் பழக்கம்" என்றான். அந்தக் கடைசி வார்த்தையை நம்பித்தான் கிளம்பினேன்.

கொழும்பு விமான நிலையத்தில் என் பையிலிருந்த ஒரு கிலோ விபூதியைப் பார்த்து அதிகாரி ஒருவர் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மற்ற எதுவும் தெரியாது. கொஞ்சம் எடுத்து என் நெற்றியில் பூசிக் காட்டினேன். நம்பவில்லை. வாயில் போட்டுக் காட்டினேன். அவர் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். கடைசியில் வயதான அதிகாரி ஒருவர் வந்து, பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து நெற்றியைக் காட்டினார். பூசிவிட்டேன். அதற்கப்புறம் வரிசையாக மூன்று பேர்.

வழியில் பஸ் சாப்பாட்டுக்கு நின்றது. "மச்சம் இல்லாமல் என்ன இருக்குங்க?" என்று கேட்க எனக்குத் தெரியாது. மீனையும் கறியையும் அங்கே மச்சம் என்கிறார்கள். கேட்காமலே சோற்றின் மேல் ஒரு மீன் தலை வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பரிமாறியவர், "சைவமோ? ஐயோ, சொல்லியிருக்கலாமே ஐயா" என்று தலையை எடுத்துக்கொண்டு, அதே குழம்பை மட்டும் விட்டுவைத்துப் போனார். வாழைப்பழம் சாப்பிட்டேன்.

தேநீர் கேட்டேன். இஞ்சி போட்ட கறுப்புத் தேநீர் நன்றாக இருந்தது. பால் போட்டுக் கேட்டபோது தகரத்திலிருந்து மாவை அள்ளிப் போட்டு ஆற்றினார்கள். வெளியே பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் மாடு மேய்கிறது, டம்ளருக்குள் கடல் கடந்து வந்த பால்மா! இந்த நாட்டில் வெளிநாட்டு மாட்டின் அடையாளம் எங்கேதான் கலக்காது என்று நினைத்துக்கொண்டேன். மனதுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

மடுச்சந்தியில் இரண்டு பெண்கள் ஏறினார்கள். மடுமாதா கோயிலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள், கையில் ஜெபமாலை. ஒருவர் என் பக்கத்திலும் மற்றவர் முன் இருக்கையிலும் உட்கார்ந்தார்கள். முன்னால் இருந்தவர் திரும்பிப் பேச ஆரம்பித்தார்.

"பாப்பாமோட்டை யோகம்மான்ர நெய்க் கதை கேள்விப்பட்டனீயே அக்கா?"

"என்னடி?"

"மருமகள் இந்தியாக்காரியல்லோ. பாக்கெட் வெண்ணெயைக் கரைச்சு ஊத்தியிருக்கிறாள். கொழும்பில மெசினில போட்டுப் பிடிச்சுப்போட்டாங்கள்."

"மெய்யே! யோகம்மா பாவம். பொன்னான மனுசி."

"அதுதானே. அந்தப் பெட்டை அழுத்தக்காரியாம்."

என் பக்கத்தில் இருந்தவர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து முதலில் எனக்கு நீட்டினார். "எடுங்கோ ஐயா. பசியோட இருக்கிறியள் போல." எடுத்துக்கொண்டேன். ஊர் வரும்வரை அதைக் கையிலேயே பிடித்திருந்தேன்.

மன்னார் பஸ் நிலையத்தில் இறங்கியதும், வேறு யாரையும் தெரியாததால் பிஸ்கட் கொடுத்தவரிடமே கேட்டேன். "ஏனுங்கம்மா, பாப்பாமோட்டை யோகம்மா வீட்டுக்குப் போக எந்த பஸ்ஸுங்க?"

"நீங்கள் ஆர் அவைக்கு?"

"அந்த இந்தியாக்காரிக்கு அப்பனுங்க."

"ஐயோ மாதாவே!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தங்கை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் மறைந்தேவிட்டார். இவர் மறையவில்லை. என் பையைத் தானே தூக்கி வந்து சரியான பஸ்ஸில் வைத்தார். பிறகு சேலைத் தலைப்பில் முடிந்திருந்த சிறிய பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். "மடுக் கோயில் மண் ஐயா, காவலுக்கு. உங்கட மகளிட்டக் குடுங்கோ. நான் சொன்னதெண்டு... இல்ல, ஒண்டும் சொல்லாதேங்கோ."

அந்தப் பொட்டலத்தை விபூதிப் பைக்குள் வைத்தேன். இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

பாப்பாமோட்டையில் சம்பந்தி மகாலிங்கம் வாசலுக்கு வந்து கட்டிக்கொண்டார். "வாங்கோ சம்மந்தி, வாங்கோ. மெலிஞ்சுபோனியள்." யோகம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "இருங்கோ" என்றதோடு சமையலறைக்குள் போய்விட்டார். என் மகள் என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. வெண்ணெய்ப் பாக்கெட் இன்னும் குளிர்சாதனப் பெட்டியிலேயே கிடந்தது. எறிந்தால் பயந்து எறிந்தாள் என்பார்கள், உபயோகித்தால் இன்னும் கலக்கிறாள் என்பார்கள். யாரும் அதைத் தொடவில்லை. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அது மட்டும் குளிராக உட்கார்ந்திருந்தது.

மறுநாள் மாட்டு மயிர் பிடுங்கும் வைபவம். அந்த ஊர் மாடுகள் எங்கள் காங்கேயம் மாடுகளோடு பார்த்தால் கன்றுக்குட்டி அளவு. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. "சம்பந்தி, நாங்க ஜல்லிக்கட்டு மாட்டுக்கே மூக்கணாங்கயிறு போடறவங்க" என்றேன். உண்மையில் நான் போட்டதில்லை, பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

சிவப்பி, வெள்ளைச்சி இரண்டும் பேசாமல் கொடுத்தன. மயிலை என்றொரு மாடு. வாலைப் பிடித்ததும் ஓட ஆரம்பித்தது. மயிர் வேண்டுமே என்று நான் வாலை விடவில்லை. அறுவடை முடிந்த வயலில் அது முன்னாலும் நான் பின்னாலுமாக வாய்க்கால் வரைக்கும் போனோம். வாய்க்காலை அது தாண்டியது. நான் தாண்டவில்லை.

மகாலிங்கம் வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சம்மந்தி, மூக்கணாங்கயிறு அந்தப் பக்கமெல்லோ!"

சேற்றிலிருந்து கையைத் தூக்கிக் காட்டினேன். மூன்று மயிர், வேரோடு. சமையலறை ஜன்னலில் யோகம்மாவும் முதல்தடவையாகச் சிரித்ததைப் பார்த்தேன். அந்தச் சேறு வீண்போகவில்லை.

உறைகளைக் கண்டிக்கு அனுப்ப மன்னார் நகரத்துக்குப் போனோம். அங்கே கழுதைகள் ரோட்டில் சொந்தக்காரர்கள் மாதிரி நடமாடுகின்றன. எங்கள் ஊரில் பஸ் நிலையத்தில் அரசியல்வாதிகள் நிற்கும் இடத்தில் இங்கே கழுதைகள் நிற்கின்றன. கூட்டம் ஒன்றுதான், சத்தம் குறைவு. உறைகளை ஆட்டோவின் இருக்கையில் வைத்துவிட்டு இளநீர் குடிக்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது ஒரு கழுதை ஒரு உறையை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

"எந்த மாடு சம்பந்தி?" என்று பதறினேன்.

மகாலிங்கம் மற்ற உறைகளைப் புரட்டிப் பார்த்தார். "மயிலை."

அன்று சாயங்காலம் மறுபடியும் மயிலையிடம் போனேன். அது என்னை மறக்கவில்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

முடிவு வருவதற்குள் பாலாவித் தீர்த்தத்தில் குளித்துத் திருக்கேதீச்சரத்தில் கும்பிட்டேன். எங்கள் ஊரில் சாமி கும்பிடப் போனால் ஆயிரம் வேண்டுதல் இருக்கும். அன்று ஒன்றுதான் இருந்தது. "ஏதாவது ஒரு மாடு கலப்பினமாக இருக்கட்டும் ஈசுவரா." இப்படி யாராவது வேண்டியிருப்பார்களா தெரியாது.

செந்தில் போன் செய்தான். குரல் இறங்கியிருந்தது. "அப்பா, எல்லாமே சுத்தமான நாட்டு மாடுங்க. ஒண்ணுகூடக் கலப்பு இல்ல. ஒரு உறையில மட்டும் மனுச முடி ஒண்ணு இருந்துச்சாம். நரைமுடி."

மகாலிங்கம் சந்தோஷப்பட்டார். "நான் சொன்னனானல்லோ, எங்கட மாடு பொய் சொல்லாது!" சொல்லி முடித்ததும்தான் அவருக்கும் உறைத்தது. மாடு பொய் சொல்லவில்லை என்றால் மிச்சம் இருப்பது பாக்கெட். பூங்கொடி எழுந்து உள்ளே போனாள். யோகம்மா அவள் போன திசையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். என் பிள்ளைக்கு நல்லது செய்ய வந்தவன் அவள் தப்பிக்க இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டேன்.

மறுநாள் கொண்டச்சியிலிருந்து ஹனிபா நானா வந்தார். கொண்டச்சி கடற்கரைப் பக்கத்து முசலிப் பகுதியில் ஒரு ஊர்; அவர் அங்கே முஸ்லிம் வியாபாரி, நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். மகாலிங்கத்துக்குப் பழைய சிநேகிதர். தன் மாடுகளுக்கு இங்கிருந்து வைக்கோல் எடுத்துப் போவார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சம்மந்தி ஐயா, ஊரைப் பாத்திட்டு வருவம், லொறியில ஏறுங்க" என்றார். ஏறும்போது யோகம்மா பிடியும் மூடியும் உள்ள ஒரு பாத்திரத்தை என் மடியில் வைத்தார். சூடான சர்க்கரைப் பொங்கல். "நானான்ர வீட்டில குடுங்கோ."

எங்கள் பக்கத்தில் அதைத் தூக்குப்போசி என்போம். அவர்களுக்குத் தூக்குச்சட்டி.

வழியில் டயரில் காற்றுப் போய்விட்டது. வைக்கோலை இறக்கினால்தான் தூக்க முடியும் என்று இறக்கினோம். மன்னார்க் காற்றைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்தேன். வைக்கோல் அதைக் கேள்விப்படவில்லை போலிருக்கிறது. பாதி வயலுக்குப் போனது, கொஞ்சம் மயில்களின் மேல் விழுந்தது. ஹனிபா நானா சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே, "ஐயா, சட்டியைப் பிடிங்க! வைக்கல் போனாப் போகுது, சட்டி போனா வீட்டுக்குப் போகேலாது!" என்று கத்தினார். நான் ரோட்டோரம் அதைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தேன்.

கொண்டச்சியில் அவர் வீட்டு வாசலில் எல்லாரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொட்டிலுக்குள் மின்விசிறி ஓடியது. கீழே கறுப்பு வெள்ளைத் திட்டுப் போட்ட பெரிய மாடு, ராணி மாதிரி அசைபோட்டுக்கொண்டு.

"உதவித் திட்டத்தில குடுத்த மாடு ஐயா. வெளிநாட்டுக் கலப்பு. வெயில் தாங்காது. அதுக்குக் காத்து இல்லாட்டிப் பால் இல்ல. எனக்குக் காத்து இல்லாட்டி ஒருத்தரும் கேக்கிறதில்ல."

அவர் மனைவி உள்ளே இருந்து, "நீங்க எவ்வளவு பால் தாறீங்க?" என்று கேட்டார்.

நான் சைவம் என்று தெரிந்து அந்த அம்மா புது மண்சட்டி எடுத்துச் சமைத்திருந்தார். கத்தரிக்காய், பருப்பு, முருங்கைக்கீரை. வீட்டை விட்டு வந்தபிறகு வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். கிளம்பும்போது பாத்திரத்தைக் கழுவி, நிறைய வெண்ணெயை வைத்து, மூடி என் கையில் கொடுத்தார்.

"எதுக்குங்கம்மா இதெல்லாம்?" என்றேன்.

"வெறுஞ்சட்டி குடுத்தனுப்பினா ரெண்டு வீட்டுக்கும் பரக்கத் இல்ல, விருத்தி இல்ல ஐயா. யோகம்மா அக்கா எப்பவும் நிறைச்சுத்தான் அனுப்புவாங்க. நாங்களும் எப்பவும் நிறைச்சுத்தான்."

எப்பவும். அந்தச் சொல் காதில் விழுந்தது, ஆனால் உள்ளே போகவில்லை. லாரியில் ஏறிப் பாத்திரத்தை மடியில் வைக்கும்போது அடியில் விரல் தட்டுப்பட்டது. தூக்கிப் பார்த்தேன். என் மனைவி வெட்டக் கொடுத்த எழுத்து. "பூங்கொடிக்குத் தாய்வீட்டுச் சீர்." மேலே மின்விசிறி மாட்டின் வெண்ணெய்.

இந்த வெண்ணெய்தான் எப்பவும் யோகம்மா வீட்டுக்குப் போயிருக்கிறது. ஹனிபா நானாவிடம் சொல்லவா முடியும்? உங்கள் வெண்ணெயால்தான் என் மகள் பெயர் கெட்டது என்று, புதுச்சட்டியில் சமைத்துப் போட்ட வீட்டுக்காரரிடம்? ஜன்னல் வழியாகக் கொட்டிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. அன்னதானம் செய்த கையின் பொருளைக் கொட்டினால் முருகன் மன்னிக்கமாட்டான். அவர் பாட்டுக்கு டயர் விலை சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஆமாம் போட்டேன்.

வீட்டில் இறங்கினேன். வாயைத் திறப்பதற்குள் யோகம்மா பாத்திரத்தை வாங்கித் திறந்தார். "பாவம் அவள், எப்பவும் இப்பிடித்தான்" என்று சொல்லிக்கொண்டே நேராகப் போய், அன்று கடைந்து வைத்திருந்த வெண்ணெய்ப் பானைக்குள் அப்படியே தள்ளினார்.

"சம்பந்தி!" என்று கத்திவிட்டேன். கூரையில் இருந்த காகம் பறந்தது.

"என்ன சம்மந்தி?"

பானையைக் காட்டினேன். பாத்திரத்தைக் காட்டினேன். கொண்டச்சி இருக்கும் தெற்குத் திசையைக் காட்டினேன். மாடு மாதிரி இரண்டு கையையும் தலையில் வைத்துக் காட்டி, மேலே மின்விசிறி சுற்றுவது போலவும் காட்டினேன்.

மகாலிங்கம், "சம்மந்திக்கு வெயில் பிடிச்சிட்டுது, தண்ணி கொண்டு வாங்கோ" என்றார்.

ஆனால் யோகம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கரண்டி கையிலேயே நின்றது.

"வெண்ணெய் வெண்ணெயோட சேருறதுதானே எண்டு நினைச்சன்" என்றார் மெதுவாக. "வீட்டுக்கு வந்த பொருள். எறியேலுமே? அவள் தந்தது வேற, என்ர வேற எண்டு ஒருநாளும் நினைச்சதில்ல."

பூங்கொடி கதவோரம் நின்றாள். யோகம்மா அவளைப் பார்க்கவில்லை. நேராகக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். அத்தனை நாளும் யாரும் தொடாத அந்தப் பாதிப் பாக்கெட்டை எடுத்தார். பாண் என்று அவர்கள் சொல்லும் ரொட்டித் துண்டுகளை அடுக்கி, அவ்வளவையும் வழித்துப் பூசினார். முதல் துண்டை என் மகளின் வாயருகே கொண்டுபோனார்.

"தின் பிள்ளை. இண்டைக்கே இதை முடிச்சுப்போடுவம்."

பூங்கொடி அழுதுகொண்டே தின்றாள். யோகம்மாவும் ஒரு துண்டு தின்றார். எனக்கும் ஒன்று வந்தது. வெளிநாட்டு மாட்டின் வெண்ணெய் என் வாயில் போனது அதுதான் முதல்தடவை. ருசி பரவாயில்லை.

அடுத்த பிரச்சினை அன்றைக்கே ஆரம்பித்தது.

"நானா வீட்டுக்குச் சட்டி குடுக்காமல் விட்டால்?" என்றார் மகாலிங்கம்.

"சட்டி போகாட்டிக் கோபம் எண்டு நினைப்பினம்" என்றார் யோகம்மா.

"அப்ப வெண்ணெய் வைக்க வேண்டாம் எண்டு சொல்லுவம்."

"நீங்கள் போய்ச் சொல்லுங்கோ பாப்பம். சொல்லிப்போட்டு அங்கேயே இருங்கோ."

கடைசியில் யோகம்மாவே முடிவு சொன்னார். இனி இரண்டு பானை. தன் மாட்டு வெண்ணெய் ஒரு பானையில், அது கடைக்கு. வருகிறவர்கள் கொடுப்பது எல்லாம் இன்னொரு பானையில், தன் வீட்டு வெண்ணெயும் ஒரு கை சேர்த்து. அது பிள்ளையாருக்கு.

எனக்குத் திக்கென்றது. எங்கள் ஊர்க் கோயிலில் காங்கேயம் பசு நெய் தவிர வேறு ஏற்றமாட்டோம். "கடைக்குச் சுத்தமானது, சாமிக்குக் கலந்ததுங்களா சம்பந்தி?" என்று கேட்டேவிட்டேன்.

யோகம்மா பானைக்கு மூடி போட்டுக்கொண்டே சொன்னார். "கடைக்காரர் டெஸ்ட் எடுக்கிறவர். பிள்ளையாரும் எடுக்கிறவரோ?"

இந்தக் கேள்விக்குப் படிப்பு அதிகம் வேண்டும். நான் எட்டாவதுதானே.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். அந்தப் பஸ்ஸில் பேசியது போலப் பேசிய நாலைந்து பெண்கள் அங்கேயும் நின்றார்கள். யோகம்மா நெய்க் கிண்ணத்தைத் தன் கையிலிருந்து பூங்கொடியின் கைக்கு மாற்றினார். "நீ ஊத்து பிள்ளை" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு திரும்பி, "என்ர மருமகள் ஒரு சொட்டும் கலக்கேல்ல. கலந்தது நான்" என்றார். பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

என் மகள் ஊற்றினாள். நான் உற்றுப் பார்த்தேன். மயிலையின் நெய் ஒரு பக்கமும் மின்விசிறி மாட்டின் நெய் ஒரு பக்கமுமாக எரியவில்லை. சுடர் ஒன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அந்தப் பஸ் அம்மா கொடுத்த மடு மண்ணைப் பூங்கொடியிடம் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று கேட்டாள். நல்லவங்க ஒருத்தர் என்று மட்டும் சொன்னேன்.

கடைக்குப் போன அடுத்த வெண்ணெய் சுத்தமாகத் தேறியது. அவர் மறுபடியும் நெய் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் கிளம்பும்போது யோகம்மா அதே தூக்குப்போசியில் நெய் நிரப்பி, "சம்மந்தியம்மாட்டக் குடுங்கோ" என்று தந்தார். நான் ஊர் வந்து சேர்ந்து, மயிலை கதையைக் குறைத்தும் மற்றதை நிறைத்தும் சொன்னேன். என் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். சில நாள் கழித்து எங்கள் ஊரிலிருந்து ஒருவர் மன்னார்ப் பக்கம் போகிறார் என்று தெரிந்து பாத்திரத்தைக் கொடுத்தனுப்பினாள். எனக்குப் பிறகுதான் சொன்னாள்.

"வெறும் பாத்திரமாவா அனுப்புன?"

"ஏனுங்க, நம்ம பொண்ணு வாழற வூட்டுக்கு வெறும் போசியவா அனுப்புவாங்க? நம்ம மாட்டு நெய்தான், கழுத்து வரைக்கும் ஊத்தி அனுப்பிச்சன்."

தலையில் கை வைத்துக்கொண்டு பூங்கொடிக்குப் போன் போட்டேன். கடைப் பானையில் விழுந்தால் இந்தத் தடவை காங்கேயம் குறி அல்லவா வரும்! நெய்யில் கஷ்டம் என்று செந்தில் சொன்னது பதற்றத்தில் மறந்துபோனது. "கண்ணு, அம்மா அனுப்புனத உங்க மாமி எதுல ஊத்துனாங்க?"

பூங்கொடி சிரித்தாள். "பிள்ளையார் பானைக்குள்ளதான் அப்பா. இப்ப விளக்கில காங்கேயம், கொண்டச்சி, பாப்பாமோட்டை மூண்டும் எரியுது."

"போசி எங்க கண்ணு?"

"மாமி கழுவி, மோதகம் வச்சு, கொண்டச்சிக்கு அனுப்பிப்போட்டா."

இதுதான் நடந்தது. படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் மகளைப் பற்றி ஒரு பஸ் முழுக்கத் தவறாகப் போய்ச் சேர்ந்த கதை, சரியாகவும் அவ்வளவு தூரம் போகட்டும். ஆனால் உங்களிடம் வந்த மாதிரியே அடுத்தவருக்குக் கொடுங்கள். நம் ஆட்களுக்கு எதையும் வெறுமனே திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லை, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் இதில் மட்டும் உங்கள் வீட்டுச் சரக்கை ஒரு கரண்டிகூடச் சேர்க்காதீர்கள். அப்படி ஏதாவது சேர்த்தே தீரவேண்டும் என்று கை அரித்தால், பாப்பாமோட்டையில் ஒரு பிள்ளையார் விளக்கு இருக்கிறது. அதில் ஊற்றுங்கள்.